சத்தத்துக்கு மன்னிக்கணும்

ராக் பாடகனுக்கு வேண்டிய எந்தத் தகுதியும் தனக்குக் கிடையாது என்று முதலில் கண்டுபிடித்தவன் மெர்லின் நுட்சனேதான். அப்பாவோடு அவனுக்குச் சண்டை இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து யாரும் அவனைத் துரத்தவில்லை. போதாக்குறைக்கு ஒரு நாள்கூட மட்டம் போடாததற்காக மேடையேற்றிக் கைதட்டியிருந்தார்கள். ஒரு முறை தலைமுடியைத் தோள் வரை வளர்த்துப் பார்த்தான். கூட்டுறவுத் தானியக் கிடங்கில் லாரிகளுக்கு எடை போடுகிற வேலை அவனுக்கு. முடி இயந்திரப் பட்டையில் சிக்கிக்கொள்ளும் என்று மேலாளர் சொன்னதும், "நீங்க சொல்றதும் நியாயம்தான்" என்று அன்று சாயங்காலமே போய் வெட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவனுடைய புரட்சி அத்தோடு முடிந்தது.

இருந்தும் எண்பதுகளின் நடுவில், மின்னசோட்டாவின் வடமேற்கு மூலையில், சர்க்கரை பீட் வயல்களுக்கு மத்தியில் கிடக்கும் ஹோல்ம்ஸ்டாட் என்ற எங்கள் ஊரின் ஒரே ராக் பேண்டுக்கு அவன்தான் தலைவன், பாடகன், கிடாரிஸ்ட். பேண்டின் பெயர் 'ஐஸ் அவுட்'. ஏரியின் மேல் உறைந்த பனி உடைந்து தண்ணீர் தெரியும் நாளை எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம். பெயர் வைத்த அன்று, ஏதோ பெரிதாக வெடிக்கப் போகிறது என்ற அர்த்தத்தில்தான் வைத்ததாக மெர்லின் சொன்னான். பனி உடைகிற நாளில் உண்மையில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. முந்தின நாள் பார்த்தால் பனி இருக்கும், மறுநாள் இருக்காது, அவ்வளவுதான்.

மற்ற இரண்டு பேரில் டாரல் பியோர்க் வான்கோழிப் பண்ணைக்காரர் மகன். டிரம்ஸ் வாசிப்பான், கேட்டால் ஒழியப் பேசமாட்டான். கோரின் லுண்ட் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவள். பள்ளி வாத்தியக் குழுவில் ட்யூபா ஊதியவளுக்கு பேஸ் கிடார் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஊதத் தேவையில்லை என்பதே அவளுக்கு லாபமாகப் பட்டது. மூவரில் வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பது மூன்று பேருக்கும் தெரியும். அதை வெளியே சொன்னால் அவளுக்குக் கூச்சமாக இருக்கும் என்று மற்ற இருவரும் சொல்லாமல் இருந்தார்கள்.

ஒத்திகை டாரல் வீட்டு வான்கோழிக் கொட்டகை ஒன்றில் நடந்தது. அந்தக் கொட்டகை காலி. பக்கத்துக் கொட்டகை காலி இல்லை. வான்கோழி பயந்துவிட்டால் எல்லாம் ஓடிப்போய் ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பவை மூச்சு முட்டிச் செத்துவிடும். ஆகவே டாரலின் அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "நீங்க என்ன வேணா வாசிங்க. கோழி பயப்படக் கூடாது."

உலகத்தில் மற்ற ராக் பேண்டுகள் பக்கத்து வீட்டுக்காரனையும் போலீஸையும் எதிர்த்து வளர்ந்தன. ஐஸ் அவுட் வான்கோழிகளின் மனம் நோகாமல் வளர்ந்தது. டாரல் டிரம்ஸின் மேல் பழைய கம்பளியைப் போட்டு அடிப்பான். கோரின் சத்தத்தைக் கூட்டும் திருகைத் தொட்டாலே, மெர்லின் சுவர்ப் பக்கம் கண்ணைக் காட்டுவான்.

"கொஞ்சூண்டு கூட்டுறேன்டா," என்பாள் கோரின்.

"ஐயோ, போன வாரமே ரெண்டு கோழி சரியாத் தீனி எடுக்கலையாம்."

"அது என் பேஸைக் கேட்டா, இல்ல உன் பாட்டைக் கேட்டா?"

"என் பாட்டாத்தான் இருக்கும்," என்று மெர்லின் உடனே ஒப்புக்கொள்வான். அவனோடு சண்டை போடுவது அதனால்தான் முடியாத காரியம். எந்தக் குற்றச்சாட்டையும் நீங்கள் முடிப்பதற்குள் அவன் ஏற்றுக்கொண்டு விடுவான்.

முதல் கச்சேரி டாரலின் அக்கா கல்யாண விருந்தில். சமுதாயக் கூடத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. முதல் பாட்டு முடிந்ததும் கூடத்தில் ஓர் அமைதி. முன் வரிசைக் கிழவர்கள் காதில் மாட்டியிருந்த கருவிகளைக் கழற்றித் தட்டில் பொட்டேட்டோ சாலட் பக்கத்தில் வைத்திருந்தார்கள். மெர்லினுக்கு முகம் சிவந்துவிட்டது. மைக்கை நெருங்கிச் சொன்னான்:

"சத்தத்துக்கு மன்னிக்கணும். இன்னும் கொஞ்சம் இருக்கு. முடிஞ்ச அளவு சீக்கிரமா முடிச்சிடறோம்."

கூடம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. அவன் மனதாரத்தான் மன்னிப்புக் கேட்டான் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த பாட்டுக்குப் பிறகும் கேட்டான். இன்னும் பெரிய சிரிப்பு. பாட்டைவிட மன்னிப்பு நன்றாக எடுபடுகிறது என்று புரிந்தபோது அவன் மிகவும் வெட்கப்பட்டான். வெட்கப்பட்டதற்காகவும் மன்னிப்புக் கேட்டான்.

"எப்பிடிம்மா இருந்துச்சு?" என்று வீட்டில் அம்மாவைக் கேட்டான்.

"வித்தியாசமா இருந்துச்சுப்பா," என்றாள் அம்மா.

எங்கள் ஊரில் ஒரு பதார்த்தம் வாயில் வைக்க முடியாதபடி இருந்தால்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவோம். மெர்லின் இரண்டு நாள் கிடாரைத் தொடவில்லை.

ஆனால் புகழ் என்பது அம்மாவைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. 'சரி, அப்போ' என்று மெர்லின் ஒரு பாட்டு எழுதினான். விருந்தாளி கிளம்புகிறேன் என்று தொடையைத் தட்டி, "சரி, அப்போ..." என்று எழுந்து, கதவருகே நின்று அரை மணி, வாசற்படியில் அரை மணி, காரின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு இன்னும் அரை மணி பேசுவது பற்றிய பாட்டு. முடிகிற மாதிரி வந்து வந்து, முடியாது. டாரலுக்கு எங்கே நிறுத்துவது என்று கடைசி வரை பிடிபடவில்லை. அதையே கேட்டவர்கள் மேதைமை என்றார்கள். ஃபார்கோ வானொலி அதைத் தினமும் போட்டது. சுற்று வட்டாரத்துக் கோடைச் சந்தைகளிலிருந்தெல்லாம் அழைப்பு வந்தது. 'சரி, அப்போ' என்று மெர்லின் தொடங்கினால் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் தொடையைத் தட்டினார்கள். பாட்டு முடிந்ததும், "மன்னிப்பு! மன்னிப்பு!" என்று கத்தினார்கள். அவனும் கேட்டான். ஒவ்வொரு முறையும் மனதார.

பக்கத்தில் நின்று வாசித்த கோரினின் முகத்தை அப்போது யாரும் பார்க்கவில்லை. பேஸ் வாசிப்பவர் முகத்தை எப்போதுமே யாரும் பார்ப்பதில்லை.

அந்தக் கோடையின் கடைசியில், எங்கள் மாவட்டச் சந்தையில்தான் விக் ஸலெர்னோ வந்து சேர்ந்தார். சிகாகோவில் சிறிய இசைத்தட்டுக் கம்பெனி நடத்துபவர். வேறொரு பாடகரைக் கேட்க வந்தார். அந்த ஆள் வரவில்லை. கன்றுக்குட்டிப் போட்டிக்கும் ஆப்பிள் பை விற்கும் கடைக்கும் நடுவிலிருந்த மேடையில் ஐஸ் அவுட் வாசிப்பதைக் கேட்டார். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஓடி வந்து மெர்லினின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"யோவ், என்னய்யா இது! நாய் மாதிரிக் கத்திட்டு, அப்பறம் சர்ச்சுல நிக்கற மாதிரி மன்னிப்புக் கேக்குற! எங்கய்யா புடிச்ச இந்த நடிப்ப?"

"நடிப்பு இல்லீங்க," என்றான் மெர்லின்.

"பாத்தியா, இப்பக்கூட விட மாட்டேங்கறான்!" என்று விக் கோரினைப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் ஞாயிறு. ஊருக்கு வந்த மனிதரைச் சாப்பாடு போடாமல் அனுப்பக் கூடாது என்று கோரினின் அம்மா, மிசஸ் லுண்ட், அவரை லூத்தரன் சர்ச்சின் நிலவறைக் கூடத்துக்கு அழைத்து வந்தார். ஆராதனைக்குப் பிறகு எல்லோரும் அங்கேதான் சாப்பிடுவார்கள். வெண்ணெய் தடவிய பன்னில் ஹாம், உருளைக்கிழங்கு மேலே அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ் என்ற இறைச்சிப் பதார்த்தம், கோப்பையின் அடி தெரிகிற அளவுக்குத் தண்ணீரான காப்பி.

விக் வந்த ஐந்தாவது நிமிடமே ஊர் வாயடைத்துப் போனது. "லெமன் பார் எடுத்துக்கறீங்களா?" என்று மிசஸ் லுண்ட் தட்டை நீட்டினார். அந்த எலுமிச்சை இனிப்புத் துண்டு தட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எங்களில் யாராக இருந்தாலும் வேண்டாம் என்போம். அவர் மறுபடி கேட்பார். ஐயோ வேண்டவே வேண்டாம் என்போம். மூன்றாவது தடவை கேட்டால், உங்களுக்காக என்று பாதியை வெட்டி எடுத்துக்கொண்டு மீதியைத் தட்டிலேயே விட்டுவிடுவோம். விக், "ஓ, தேங்க்ஸ்" என்று முழுசாக எடுத்து இரண்டே கடியில் தின்றுவிட்டார். மிசஸ் லுண்ட் காலித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றார்.

வாயைத் துடைத்துக்கொண்டு விக் விஷயத்துக்கு வந்தார். "இதோ பாருப்பா, மெர்லின். சிகாகோ வாங்க. மூணு பேரும். ஒரு ஆல்பம் போடலாம், அப்பறம் ஊர் ஊரா ஒரு சுத்து. என்ன சொல்ற?"

அந்த நொடிக்காக மெர்லின் பள்ளிக்கூட நாள் முதல் காத்திருந்தான். லாரிகளுக்கு எடை போடும் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, சாலையில் தெற்கே போகிற ஒவ்வொரு வண்டியிலும் தன்னை ஏற்றிவிட்டுப் பார்த்தவன். ஆசை அத்தனை பெரியது. ஆகவே வேறு எதுவும் சொல்ல அவனால் முடியவில்லை:

"ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க. உங்களுக்கு வீண் சிரமம்."

"சிரமமா? அதான்யா என் தொழிலே! நெசமாத்தான் கேக்கறேன், வர்றீங்களா?"

"இல்லீங்க... எங்களவிட நல்லா வாசிக்கறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. பக்கத்து ஊர்ல ஒரு அக்கார்டியன்காரர் இருக்காரு, அவரக் கேட்டுப் பாத்தீங்கன்னா..."

கூடமே மெல்லுவதை நிறுத்திவிட்டது. இரண்டு தடவை ஆகிவிட்டது. இனி ஒன்றுதான் பாக்கி. மூன்றாவது பதில் மெர்லினின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது: 'சரிங்க, உங்களுக்குத் தொந்தரவு இல்லன்னா...' அவன் மூச்சைக்கூட இழுத்துக்கொண்டான்.

விக் அவனை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார். எழுந்து கை குலுக்கினார்.

"இந்தத் தொழில்ல எத்தனை வருஷமா இருக்கேன். வேண்டாம்னு சொன்ன ஒருத்தனப் பாத்ததில்ல. அதுவும் ரெண்டு தடவ! உன்ன நான் மதிக்கறேன்பா." அவர் கண் கலங்கியிருந்தது. கோட்டை எடுத்துக்கொண்டு படியேறிவிட்டார்.

மெர்லின் பின்னாலேயே ஓடினான். ஊரே ஜன்னல் வழியாகப் பார்த்தது. கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவன், உயிரைத் திரட்டி, தன் வாழ்க்கையிலேயே முக்கியமான வாக்கியத்தைச் சொன்னான்:

"பாத்துப் போங்க. சாயங்காலத்துல மான் குறுக்க வரும்."

கார் போய்விட்டது. கீழே வந்தவனுக்கு மிசஸ் லுண்ட் காப்பி ஊற்றினார்.

"நல்ல மனுஷன்," என்றான் டாரல்.

"ரொம்ப நல்ல மனுஷன்," என்றான் மெர்லின்.

அந்த வாரம் ஒத்திகையில் கோரின் நேராகக் கேட்டாள். "போன் பண்ணப் போறியா இல்லையா?"

"யாருக்கு?"

"விக்குக்கு. வர்றோம்னு சொல்லு."

"நானா போய்க் கேட்டா நல்லாவா இருக்கும்? அவரே பண்ணுவாரு. இன்னும் ஒரு தடவ பாக்கி இருக்கில்ல."

"அவர் சிகாகோக்காரர், மெர்லின். அவருக்கு ஒரு தடவதான் கணக்கு. நம்மளுக்காக ரெண்டு தடவ கேட்டதே பெருசு."

"அப்பிடியும் இருக்கலாம்," என்றான் மெர்லின். யோசித்துப் பார்க்கிறேன் என்றும் சொன்னான். எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று கோரினுக்குத் தெரியும்.

இலையுதிர் காலம் முழுவதும் அவன் தொலைபேசிக்குப் பக்கத்தில் சாப்பிட்டான். அம்மா பேசிக்கொண்டிருந்தால், "சீக்கிரம் வையேன், யாராவது கூப்பிடலாம்" என்று சுற்றிச் சுற்றி வந்தான். கூப்பிடவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று நடந்தது. சிகாகோ வானொலி ஒன்றில் விக், பணத்துக்கும் புகழுக்கும் தலை வணங்காத ஒரு கிராமத்துக் கலைஞனைச் சந்தித்த கதையை உருகி உருகிச் சொன்னார். மின்னியாபொலிஸ் பத்திரிகை அதைப் பிடித்துக்கொண்டது. 'விலைக்கு வராதவர்' என்ற தலைப்பில் தானியக் கிடங்கின் முன் கை கட்டி நிற்கும் மெர்லினின் படம் வந்தது. கல்லூரிப் பிள்ளைகள் காரில் வந்து அவனிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு பெண், "உங்களாலதான் நான் வங்கி வேலைய விட்டேன்" என்றாள்.

"ஐயோ, திரும்ப எடுத்துக்குவாங்களான்னு கேட்டுப் பாருங்களேன்," என்றான் மெர்லின் பதறிப்போய். அதையும் நகைச்சுவை என்றே எழுதிக்கொண்டு போனார்கள்.

செய்யாத தியாகத்துக்காகப் புகழப்படுபவனுக்கு ஒரே ஒரு கஷ்டம்தான். அதைக் கைவிட முடியாது. இனி எந்த முகத்தோடு சிகாகோவுக்குப் போன் பண்ணுவது? தன் கொள்கையை அவனே பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டான். படித்ததில் அது பிடித்திருந்தது என்பதுதான் வேடிக்கை. சில சாயங்காலங்களில், உண்மையிலேயே தான் கொள்கைக்காகத்தான் மறுத்தோமோ என்று அவனுக்கே ஒரு சந்தேகம் வரும். சிரித்துக்கொண்டு தொலைபேசி வேலை செய்கிறதா என்று காதில் வைத்துப் பார்ப்பான்.

மார்ச் மாதம் விக் போன் பண்ணினார். கோரினுக்கு.

வேறொரு பேண்டுக்கு பேஸ் வாசிக்க ஆள் வேண்டியிருந்தது. சந்தையில் கேட்டது ஞாபகம் இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டார். "வர்றேன்" என்றாள் கோரின். அவ்வளவுதான் பேச்சே.

மிசஸ் லுண்ட் பக்கத்தில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அவள் ஊரைவிட்டுப் போகிறாள் என்பதில் யாருக்கும் வருத்தமில்லை. இளம் பிள்ளைகள் போகத்தான் செய்வார்கள். சிகாகோவும் பெரிய குற்றமில்லை. ஆனால்,

"மொதல் தடவையிலேயேவா?" என்றார்கள் சர்ச் நிலவறையில்.

"மொதல் தடவையிலேயேவாம்."

"சும்மா ஒரு பேச்சுக்காவது, 'பாக்கறேன்'னு..."

"நான் அங்கதான நின்னேன்," என்றார் மிசஸ் லுண்ட், முந்தானை இருந்தால் முகத்தை மூடிக்கொள்ளும் குரலில். "அந்த மனுஷன் கேட்டு முடிக்கக்கூட இல்ல."

கிளம்பும் நாளன்று கோரின் தன் ஆம்ப்ளிஃபயரை எடுக்க வான்கோழிக் கொட்டகைக்கு வந்தாள். மெர்லின் முன்னதாகவே வந்து, அதன் மேல் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்துக் கொட்டகை காலியாகக் கிடந்தது. குஞ்சுகள் வர இன்னும் நாள் இருந்தது.

"வாழ்த்துகள்," என்றான்.

"தேங்க்ஸ்." அவள் ஆம்ப்ளிஃபயர் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தாள். "விக் உன்னப் பத்திக் கேட்டாரு. அங்க கிடாருக்கும் ஆள் வேணுமாம். நீ வர்றியா?"

மெர்லின் துடைப்பதை நிறுத்தினான். பிறகு வழக்கமான இடத்திலிருந்து வழக்கமான குரல் வந்தது. "நான் எதுக்கு. உனக்குத்தான் இடைஞ்சல்."

"இடைஞ்சல் ஒண்ணும் இல்ல. வர்றதுன்னா வாயேன்."

"வேண்டாம், வேண்டாம். கிடங்குல வேற இப்ப வேலை ஜாஸ்தி."

கோரின் ஒயரைச் சுற்றி முடித்தாள். முடிச்சுப் போட்டாள். பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். மெர்லின் மூச்சை இழுத்துக்கொண்டு நின்றான். அவள் கிடார் பெடலை எடுத்துப் பழைய துணியில் சுற்றினாள். அதையும் வைத்தாள்.

"கோரின்."

"ம்."

"நீ ரெண்டு தடவதான் கேட்ட."

"தெரியும்."

"இல்ல, ஒருவேள மறந்துட்டியோன்னு..."

"மறக்கல, மெர்லின். நான் இந்த ஊர்க்காரிதான்."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா வர்றேன்னு சொல்லிடுவியே."

கொட்டகையின் தகரக் கூரை வெயிலில் டிக் டிக் என்று விரிந்தது. மெர்லின் துடைத்துக்கொண்டிருந்த துணியைப் பார்த்தான்.

"நான் வாசிக்கறது அவ்வளவு மோசமா?"

"மோசமில்ல. நல்லாத்தான் பாடுற. கோபமாப் பேசல, சரியா? ஆனா நாம நல்லா வாசிச்ச ஒவ்வொரு பாட்டுக்கும் நீ மன்னிப்புக் கேட்ட. கேட்டுக் கேட்டு, நானும் ஏதோ தப்பு பண்ணிட்டு நிக்கற மாதிரியே ஆயிடுச்சு. எனக்குச் சத்தமா வாசிக்கணும். வாசிச்சிட்டு, பேசாம நிக்கணும்."

"மன்னி..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். வாயில் பாதிச் சொல்லோடு அவன் நின்ற நிலையைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. ஒருவர் தன்னிடம் நேருக்கு நேர் 'இல்லை' என்று சொல்வது அவனுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வலித்தது, ஆனால் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைவிடக் குறைவாகத்தான் வலித்தது.

ஆம்ப்ளிஃபயரை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அவள் வண்டியில் ஏற்றினார்கள். "இடுப்ப வளைக்காத, முட்டியை மடக்கு," என்று மட்டும் சொன்னான். அவள் காரை எடுத்தாள். வழக்கத்துக்கு மாறாக ஜன்னலைப் பிடித்துக்கொண்டு யாரும் பேசவில்லை. கார் வளைவில் திரும்பும்போது எதிரே டாரலின் வண்டி உள்ளே வந்தது. அன்று ஒத்திகை நாள். இனி பேண்ட் என்ன ஆகும் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை என்பது மெர்லினுக்கு அப்போதுதான் உறைத்தது.

டாரல் கையில் குச்சிகளோடு இறங்கினான். போகிற காரைப் பார்த்தான். மெர்லினைப் பார்த்தான்.

மெர்லினுக்குச் சுற்றி வளைத்துச் சொல்ல நூறு வழி தெரியும். அவற்றில் ஒன்றையும் எடுக்காமல் சொன்னான்:

"பேண்ட் கலைஞ்சிருச்சு, டாரல்."

டாரல் குச்சிகளைச் சட்டைப் பையில் செருகினான். பிறகு, வருஷக்கணக்காகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டான்.

"அப்பாடா," என்றான்.

"என்னது?"

"போன கோடையிலேயே நிறுத்திடலாம்னு இருந்தேன்டா. எனக்கு இந்தக் கூட்டம், சந்தை, இதெல்லாம் ஆகவே ஆகல. அந்த சிகாகோக்காரர் கேட்டப்ப எனக்குப் பயமாப் போச்சு, நீ சரின்னுடுவியோன்னு. உங்க ரெண்டு பேர் மனசும் கஷ்டப்படுமேன்னுதான் வாயத் தெறக்கல."

மெர்லின் கொட்டகைக்குள் போய் டிரம்ஸ் ஸ்டூலில் உட்கார்ந்தான். ஆரம்பித்த சிரிப்பு நிற்க மறுத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அது எதற்கு வந்தது என்று பிரித்துப் பார்க்க அவன் முயலவில்லை. டாரல் பொறுமையாகக் காத்திருந்து, கம்பளியை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டான்:

"சரி, எந்திரி. இந்த டிரம்ஸ எங்க வெக்கறது? அடுத்த வாரம் இந்தக் கொட்டகையிலயும் குஞ்சு எறக்கணும்னு அப்பா சொல்லிட்டிருக்காரு."